சே ரி பாக்: அந்தக் குளத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு?

எல்லாருக்கும் வணக்கம். கோல்ஃப் பத்திப் பேச்சுன்னு சொல்லியும் இவ்ளோ பேர் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். பயப்படாதீங்க, ரூல்ஸ் வகுப்பெல்லாம் எடுக்கப் போறதில்ல. பந்தை அடிச்சு குழியில போடணும், யாரு கம்மி அடியில முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, இவ்ளோ தெரிஞ்சா இன்னிக்குப் போதும்.

பேசப் போறது சே ரி பாக் பத்தி. தென் கொரியாவுல டேஜான்னு ஒரு ஊரு, 1977ல அங்க பொறந்தவங்க. ஸ்கூல்ல முதல்ல ஓட்டப்பந்தயம், அப்புறம் அப்பா இழுத்துட்டு வந்துதான் கோல்ஃப். அந்த அப்பாவைப் பத்தி நெட்ல ஏகப்பட்ட கதை சுத்துது, ராத்திரி கல்லறைக்குக் கூட்டிட்டுப் போயி பயம் தெளியட்டும்னு நிக்க வச்சாராம், 15 மாடி அபார்ட்மெண்ட் படியை ஏறி இறங்க வச்சாராம், இறங்குறப்போ பின்பக்கமா இறங்கணுமாம். இதுல எது நிஜம் எது மசாலான்னு இப்போ பிரிக்கவே முடியாது. மோட்டிவேஷன் பேசுறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது, எப்படி முடிப்பாங்கன்னா 'பாருங்க, அப்பா இப்படி வளர்த்தாரு, பொண்ணு கப் அடிச்சிருச்சு'ன்னு 1998லயே முடிச்சிருவாங்க. சே ரி அதுக்கப்புறம் 18 வருஷம் ஆடினாங்க சார்! எனக்கு அந்த 18 வருஷம்தான் முக்கியம்.

ஆனா 1998ஐ சொல்லாமப் போக முடியாது, அதைச் சொல்லலைன்னா நீங்க விட மாட்டீங்க. அப்போ கொரியா இருந்த நிலைமையை யோசிங்க. 1997 கடைசியில கையில டாலர் இல்லாம ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியத்துக்கிட்ட போயி நின்னாங்க, 5,500 கோடி டாலருக்கு மேல கடன் பேக்கேஜ். கம்பெனிங்க வரிசையா மூடுது, வேலை போகுது, ஜனங்க கல்யாண மோதிரத்தைக் கழட்டி நாட்டோட கடனுக்குன்னு க்யூவுல நின்னு கொடுத்தாங்க. அந்த நேரத்துல 20 வயசுப் பொண்ணு அமெரிக்காவுல முதல் வருஷம் ஆடுது. பின்னாடி சாம்சங் ஸ்பான்சர், ஆர்லாண்டோவுல டேவிட் லெட்பெட்டர்கிட்ட கோச்சிங். எல்பிஜிஏன்னா பொம்பளைங்க புரொஃபஷனல் கோல்ஃப் அமைப்பு. மே மாசம் ஆடின எல்பிஜிஏ சாம்பியன்ஷிப்தான் அங்க அவங்களோட முதல் வெற்றி, அது ஒரு மேஜர், அதாவது வருஷத்துல நடக்குற ரொம்பப் பெரிய சில போட்டிகள்ல ஒண்ணு. முதல் வெற்றியே மேஜர்!

ஜூலையில யுஎஸ் உமன்ஸ் ஓபன், விஸ்கான்சின்ல பிளாக்வுல்ஃப் ரன்னு ஒரு கோர்ஸ். நாலு நாள் ஆடி முடிச்சா டை. எதிர்ல ஜென்னி சுவாசிரிபோர்ன், தாய்லாந்து வம்சாவளி அமெரிக்கப் பொண்ணு, அமெச்சூர், காலேஜ்ல படிச்சிட்டிருக்கு, அதுக்கும் 20 வயசுதான். திங்கக்கிழமை மறுபடி 18 ஹோல், அதாவது 18 குழியும், ஆடணும், அப்போ ரூல் அப்படி. அதுல கடைசி ஹோல்ல சே ரியோட பந்து இடது பக்கம் போயி குளத்தோட கரைச் சரிவுல புல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு. ஒரு அடி பெனால்ட்டி வாங்கிட்டு பந்தை வெளிய எடுத்து வச்சு ஆடலாம், அவங்க வேணாம்னு ஷூவையும் சாக்ஸையும் கழட்டிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கிட்டாங்க. முழங்கால் வரைக்கும் வெயில்ல கருத்துப் போன காலு, கணுக்காலுக்குக் கீழ மட்டும் வெள்ளை வெளேர்னு பாதம், கொரியாவுல விடியக்காலைல டிவி முன்னாடி உக்காந்திருந்தவங்க இன்னிக்கும் சொல்றது அந்தப் பாதத்தைத்தான். பந்தை வெளிய எடுத்தாங்க, ஆனா அந்த ஹோல்ல ரெண்டு பேருக்கும் போகி, அதாவது அந்தக் குழிக்குன்னு வச்ச கணக்கை விட ஒரு அடி கூட, மறுபடி டை. அப்புறம் சடன் டெத், ஒரு ஹோல்ல யாரு முந்துறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அதுல ரெண்டாவது ஹோல்ல சே ரி உருட்டி விட்ட பந்து உள்ள போச்சு, பர்டி, கணக்கை விட ஒரு அடி கம்மி, முடிஞ்சது. மொத்தம் 92 ஹோல் ஆடித்தான் ஒரு ஆள் ஜெயிக்க முடிஞ்சது. (ஜென்னி என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. புரோவா கொஞ்ச வருஷம் முயற்சி பண்ணிட்டு கோல்ஃபை விட்டுட்டாங்க, நர்சிங் படிச்சு நர்ஸ் ஆயிட்டாங்க. எனக்கு அதுவும் நல்ல முடிவாத்தான் தெரியுது.)

அடுத்த வாரமே ஒஹாயோவுல இன்னொரு டோர்னமெண்ட், அதுல ஒரு நாள் 18 ஹோலையும் வெறும் 61 அடியில முடிச்சு, மறுபடி கப். அந்த வருஷம் மொத்தம் நாலு வெற்றி. இங்கதான் விஷயம் ஆரம்பிக்குது, கவனிங்க. அந்த வருஷக் கடைசியில ஊருக்குத் திரும்பினவங்களை விழா, டின்னர், போட்டோன்னு பிழிஞ்சு எடுத்து, கடைசியில உடம்பு தாங்காம சியோல்ல ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாப் போச்சு. ஒரு நாடே தன்னோட கவலையைக் கொண்டாந்து ஒரு பொண்ணு தோள்ல ஏத்தினா வேற என்ன ஆகும். எல்லாரும் பாசத்துல பண்ணதுதான், கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது, ஆனா அந்தப் பொண்ணு தூங்குச்சான்னு ஒருத்தரும் கேக்கல.

அப்புறமும் நிறைய ஜெயிச்சாங்க. 2001ல இங்கிலாந்துல பிரிட்டிஷ் ஓபன், 2002ல மறுபடி எல்பிஜிஏ சாம்பியன்ஷிப், 2003ல ஊருக்கு வந்து ஆம்பளைங்க டோர்னமெண்ட்ல ஆடி 10ஆவது இடம். எல்பிஜிஏ ஹால் ஆஃப் ஃபேம்னு பெரிய சாதனையாளர்களுக்கான கௌரவப் பட்டியல் ஒண்ணு இருக்கு, அதுக்கு 27 பாயிண்ட் வேணும், ஒரு வெற்றிக்கு ஒண்ணு, மேஜர்னா ரெண்டு, வருஷத்துல சராசரி ஸ்கோர் பெஸ்ட்டா இருந்தா ஒண்ணு, இப்படிச் சேரணும். சில பேருக்கு வாழ்நாள் பூரா ஆடினாலும் சேராது. இவங்க 2004 மே மாசம், 26 வயசுல, முடிச்சிட்டாங்க. 10 வருஷ சர்வீஸ் ஆனாத்தான் உள்ள எடுப்பாங்கன்னு அப்போ ரூல் இருந்ததால 2007 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, அது வேற விஷயம்.

27ஆவது பாயிண்ட் வந்ததும் என்ன நடந்துச்சு தெரியுமா? ஆட்டம் போயிருச்சு. 2005ல பந்து எங்க போகுதுன்னே அவங்களுக்குத் தெரியல. இந்த விளையாட்டுல 'கட்'னு ஒண்ணு இருக்கு, பெரும்பாலும் ரெண்டு நாள் முடிஞ்சதும் கீழ இருக்கிறவங்களை வீட்டுக்கு அனுப்பிருவாங்க, பைசா கிடையாது. உச்சத்துல இருந்தவங்க கட் மிஸ் பண்ண ஆரம்பிச்சாங்க, கடைசியில விரல்ல காயம், சீசனைப் பாதியிலயே விட்டுட்டாங்க. இதைப் பத்தி அவங்களே பின்னாடி பல பேட்டியில பேசியிருக்காங்க, எல்லாத்தையும் கத்துக்கிட்டேன், எப்படி ஓய்வெடுக்கிறதுன்னு மட்டும் கத்துக்கலன்னு அர்த்தம் வர்ற மாதிரி. படி ஏறச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்துச்சு, உக்காரச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. என்னைக் கேட்டா அவங்க கரியர்ல பெரிய ஷாட் குளத்துல அடிச்சது இல்ல, அதுக்கப்புறம் வந்த ஒண்ணு. 2006, மேரிலாண்ட்ல புல் ராக் கோர்ஸ், மறுபடி எல்பிஜிஏ சாம்பியன்ஷிப், ஆஸ்திரேலியாவோட கேரி வெப் கூட டை ஆகி பிளேஆஃப். குழிக்கு 201 கெஜம் தூரம். ஹைப்ரிட்ங்கிற குச்சியை எடுத்து ஒரே அடி, பந்து உருண்டு போயி குழிக்குச் சில இன்ச் பக்கத்துல நின்னுச்சு. ஒன்றரை வருஷமா 'முடிஞ்சிருச்சு'ன்னு எழுதின அத்தனை பேரும் வாயை மூடிட்டாங்க. அதுதான் அஞ்சாவது மேஜர், கடைசி மேஜரும் அதான்.

இதுக்கிடையில இன்னொரு கதை வளர்ந்துட்டு இருந்துச்சு. 1998 அந்த விடியக்காலை, வீட்ல டிவி சத்தத்துல முழிச்சுப் பாத்த ஒன்பது வயசுக் குட்டி ஒண்ணு, ரெண்டே நாள்ல குச்சியைக் கையில எடுத்திருச்சு. பேரு இன்பீ பார்க். பத்தே வருஷத்துல, 2008ல, 19 வயசுல அதே யுஎஸ் ஓபனை ஜெயிச்சு, இளவயசு சாம்பியன்ங்கிற சே ரியோட ரெக்கார்டையே உடைச்சிருச்சு. ஷின் ஜியாய், நா யோன் சோய்னு அந்த வயசுக்காரங்க கூட்டமே வந்திருச்சு, 'சே ரி கிட்ஸ்'னே பேரு. எவ்ளோ கூட்டம்னா, 2008ல எல்பிஜிஏ நிர்வாகம் எல்லாரும் இங்கிலீஷ் பேசியே ஆகணும், இல்லன்னா சஸ்பெண்ட்னு ஒரு திட்டம் கொண்டு வந்து, நாலாபக்கமும் திட்டு வாங்கி ரெண்டே வாரத்துல வாபஸ் வாங்குச்சு. கப்பை ஜெயிக்கிற பொண்ணுக்குப் பேச்சு வரலைன்னு வெளிய அனுப்பப் பாத்தாங்க, என்னத்தச் சொல்ல. 2012ல யுஎஸ் ஓபன் மறுபடி அதே பிளாக்வுல்ஃப் ரன், ஜெயிச்சது நா யோன் சோய். தானும் அந்தப் போட்டியில ஆடிட்டு, கடைசி க்ரீன், அதாவது குழி இருக்கிற புல்தரை, பக்கத்துல காத்திருந்து கட்டிப்பிடிச்சாங்க சே ரி.

2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல பொம்பளைங்க கோல்ஃப் 116 வருஷம் கழிச்சுத் திரும்ப வந்துச்சு, கொரியா டீமுக்கு இவங்கதான் கோச். மார்க்கெட்டுக்குப் போயி காய் கறி வாங்கி பொண்ணுங்களுக்குச் சமைச்சே போட்டாங்க. கட்டைவிரல் காயத்தோட வந்த இன்பீக்குத் தங்கம், அஞ்சு ஷாட் வித்தியாசத்துல. ஸ்விங் பத்தி லெக்சர் அடிக்காம சோறு போட்டது பெரிய கோச்சிங்னு நான் நினைக்கிறேன், நீங்க ஒத்துக்கலைன்னாலும் பரவால்ல. அந்த வருஷமே அக்டோபர்ல சே ரி 25 எல்பிஜிஏ வெற்றியோட ரிட்டையர் ஆனாங்க.

கடைசியா ஒண்ணு, பேரண்ட்ஸ் இருக்கீங்க, அதனால சொல்றேன். 2024 ஜூன்ல சியோல்ல ஒரு பிரஸ் மீட். அவங்க பேர்ல இருக்கிற ஃபவுண்டேஷனோட முத்திரையைப் போலியா பயன்படுத்தினதா அப்பா மேலயே அந்த ஃபவுண்டேஷன் போலீஸ்ல புகார் கொடுத்திருந்துச்சு. கேமரா முன்னாடி அழுதாங்க, பல வருஷமா அப்பா கடனை அடைச்சேன், இனிமே முடியாதுன்னாங்க. கேஸ்ல யார் பக்கம் நியாயம்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா அந்த மாடிப்படிக் கதையை உங்க பசங்களுக்குச் சொல்லும்போது இந்தப் பக்கத்தையும் சேத்துப் படிச்சிருங்க, பாதிக் கதையை மட்டும் சொல்லிட்டு அதிகாலை நாலு மணிக்குப் பசங்களை எழுப்பாதீங்க.

என் நேரம் முடிஞ்சிருச்சுன்னு சைகை காட்டுறாங்க. கேள்வி இருந்தா கேளுங்க, முதல்ல பசங்க கேக்கட்டும், பெரியவங்க அப்புறம்.