உதவி வாங்கின வீட்டில் மீன் குழம்பு வைக்கலாமா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மாசக் கடைசி, ஒவ்வொரு செலவுக்கும் பணம் பிரித்து வைக்கிற கவர்களை மேசையில் பரப்பிக் கணக்குப் பார்க்கும் வீடியோ என்று நினைத்து வந்திருப்பீர்கள். கவர் எல்லாம் பின்னால் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் பார்ப்போம். இன்று எனக்குக் கோபம்.

போன வீடியோவில் சாளை மீன் குழம்பு வைத்தேன் இல்லையா, அதற்குக் கீழே ஒரு கமெண்ட். "சபையில் உதவி வாங்கின வீட்டில் மீன் குழம்பா? பட்ஜெட் சேனல் நடத்திக்கொண்டு இது தேவையா அக்கா?" இதற்கு லைக் வேறு போட்டிருக்கிறார்கள். அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் கேட்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மீனை முடித்துவிடுவோம். அது சாளை. அன்றைக்குக் கிலோ 140 ரூபாய். அரைக் கிலோ வாங்கினேன், 70 ரூபாய். விலை கூடின சீலா மீன் வாங்கியிருந்தால் திட்டுங்கள்... இல்லை, சீலா வாங்கியிருந்தாலும் எதற்குத் திட்ட வேண்டும்? அதற்குப் பிறகு வருகிறேன். 70 ரூபாய் மீனில் நாலு பேர் ராத்திரியும் சாப்பிட்டோம், மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கும் தொட்டுக்கொண்டோம். அதே காசுக்கு முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கியிருந்தால் ஒரு வேளை சாம்பாரோடு சரி. எலும்பு கூடுகிற ஆளுக்கு மீன் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னது தனிக்கதை. தூத்துக்குடியிலிருந்து காலையில் ஏறின மீன் டீ குடிக்கிற நேரத்தில் பாளையங்கோட்டைக்கு வந்துவிடுகிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு சாளையை ஆடம்பரம் என்று சொல்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக், வேலைக்குப் போனால்தான் காசு, உங்களுக்குத் தெரியும். பைக்கிலிருந்து விழுந்து, கால் எலும்பு முறிந்து, தகடு வைத்தது வரை முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாங்கள் அதற்குக் கொஞ்சம் மேலே. இல்லாதப்பட்டவர்கள் என்றும் சொல்ல முடியாது, வசதி என்றும் சொல்ல முடியாது. நடுவில் மாட்டிக்கொண்ட கூட்டம். ஆபத்துக்காலக் கவரில் எவ்வளவு வைத்திருந்தேன் என்று மாசாமாசம் பார்த்தவர்கள் நீங்கள். ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டும்போதே அது காலி.

அப்புறம்தான் ஒரு சாயங்காலம் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து டீச்சரம்மா வந்தார். டீச்சரம்மா என்றால் கிறிஸ்துமஸ் கேக் வீடியோவில் என் முந்திரியைக் குறை சொன்னாரே, அவரேதான். கையில் ஒரு பழுப்புக் கவர். மேலே பென்சிலால் 18,640 என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை, வசனம் இல்லை, "அன்புடன்" கூட இல்லை. அந்த 640-ல்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. முழுத்தொகையாக 18,500 என்றால் யாரோ நாலைந்து வசதியானவர்கள் போட்டது என்று நினைத்திருப்பேன். 640 என்றால் யாரோ நாற்பது ரூபாய் போட்டிருக்கிறார்கள். உள்ளே செல்லோடேப் ஒட்டின இருபது ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. பஸ்ஸில் கொடுத்தால் கண்டக்டர் வாங்க மாட்டார். எந்த வீட்டு டப்பாவிலிருந்து அது வந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். சொல்ல மாட்டேன்.

நான் வேண்டாம் என்றேன். உண்மையாகவே வேண்டாம் என்றேன். நாங்கள் எப்போதும் கொடுக்கிற வீடு டீச்சர், சம்பாத்தியத்தில் பத்தில் ஒன்று எடுத்து வைக்கிற தசமபாகக் கவரை ஒரு மாசம்கூடத் தவறவிட்டதில்லை, வாங்கிப் பழக்கமில்லை என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏன் பிள்ளை, உனக்கு மட்டும் ஆண்டவர் கொடுக்கிற வரிசையில நிரந்தரமா நாற்காலி போட்டு வெச்சிருக்காரா?"

பேச்சு வரவில்லை எனக்கு. டீ போட்டேன்.

கொடுப்பதைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம் யோசியுங்கள். மல்கியா, விதவையின் இரண்டு காசு, "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" எல்லாம் எனக்கும் மனப்பாடம். ஆனால் எப்படி வாங்குவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது யாராவது பேசினார்களா? வேதத்தில் இல்லையா என்றால், கொட்டிக் கிடக்கிறது. லூக்கா எட்டாம் அதிகாரத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள், இன்னும் பல பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் இயேசுவுக்கு ஊழியம் செய்தார்கள் என்று இருக்கிறது. அரண்மனைச் சம்பளக்காரர் வீட்டுக் காசு! அவர் வாங்கினார். அப்போஸ்தலர் பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர், கொரிந்துக்காரர்களுக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். அதே பவுல் சிறையில் இருக்கும்போது பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பினதை வாங்கிக்கொண்டு, கிடைத்தது, நிறைவாக இருக்கிறேன் என்று எழுதுகிறார். ரசீதே கொடுத்துவிடுகிறார் மனுஷன். அதில் கூச்சமும் இல்லை, கும்பிடும் இல்லை. "இதை வைத்துச் சிக்கனமாகக் கூழ்தான் குடிக்கிறேன்" என்று கணக்கும் ஒப்பிக்கவில்லை.

இன்னொரு கமெண்டையும் விட்டுவிட்டேனே. "ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்கவில்லை, விசுவாசம் இருந்தால் கர்த்தர் தருவார்" என்று ஒருவர். சகோதரரே, நானும்தான் கேட்கவில்லை. அது கிடக்கட்டும். முல்லர் கேட்கவில்லை என்பது சரி. வாங்கவில்லை என்று யார் சொன்னது? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1836-ல் ஒரு வாடகை வீட்டில் தொடங்கி, பிற்பாடு ஆஷ்லி டவுன் விடுதிகளில் இரண்டாயிரம் அநாதைப் பிள்ளைகள்வரை வளர்த்தார் என்றால், அத்தனையும் வாங்கினதுதானே? அவரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய கணக்கு நோட்டு. வந்த ஒவ்வொன்றையும், சில்லறைக் காசு, கரண்டி, மோதிரம் உள்பட எழுதி, கொடுத்தவர் பெயர் போடாமல் வருஷ அறிக்கையில் அச்சடித்தார். இங்கே களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகள் காப்பகம் நடத்தின ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் மனிதர்களிடம் பணம் கேட்பதில்லை என்றுதான் இருந்தார். வந்த பணத்தை வேண்டாம் என்று திருப்பியா அனுப்பினார்? அதில்தானே அத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அதனால் கணக்கு வைப்பது எனக்கு ஆட்சேபணை இல்லை. கணக்குதானே என் பிழைப்பே. டீச்சரம்மா போனதும் பச்சைக் கவர் ஒன்று எடுத்தேன், புதுசு. இந்தப் பணத்தை வேறு எதோடும் கலக்கவில்லை. வாடகை 6,500 அதிலிருந்து போனது. ஊன்றுகோல் ஜோடி 900, பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 350, மருந்து. சீட்டுத் தவணையும் அந்த வாரம்தான் வந்து நின்றது. அதற்கு இதைத் தொடவில்லை. சீட்டு நாளைக்கு நான் சேர்த்து வைக்கிற பணம். அடுத்தவர் டப்பாக் காசில் நான் சேமிக்கக் கூடாது என்று தோன்றியது. சீட்டு நடத்துகிற அக்காவிடம் ஒரு மாசம் தவணை கேட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றார். இங்கேதான் நான் கோடு போடுகிறேன். இன்றைய தேவைக்கு வந்த பணம் இன்றைய தேவைக்கு. மீன் இன்றைய தேவையா என்றால், ஆமாம், சாப்பாடு இன்றைய தேவைதான்! சீலாவும் அப்படித்தான். கட்டுப்படியானால் வாங்குவேன். உதவி வாங்கினவர்கள் ருசியாகச் சாப்பிடக் கூடாது என்று வேதத்தில் எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது?

நீங்கள் எல்லாரும் கேட்கிற ரவை விஷயம்! அதை எப்படி மறந்தேன்.

கவரோடு மளிகைச் சாமான் மூட்டையும் வந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், எல்லாம் நல்ல சாமான். அதில் ரவை ஆறு கிலோ. ஆறு! ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு பாக்கெட் ரவை போட்டிருப்பார்கள் போல. எனக்கும் உப்புமாவுக்கும் உள்ள பகை உங்களுக்குத் தெரியும். "இனி வீட்டில் உப்புமா கிடையாது" என்று ஒரு வீடியோவே போட்டவள் நான். பிள்ளைகள் ரவையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். கேசரி கிண்டலாம் என்றால் சர்க்கரையும் நெய்யும் யார் கொடுப்பார்கள்? வண்டு விழும்வரை வைத்திருந்து குப்பையில் கொட்டுவதா? நாலு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் போனேன். சீல் உடைக்காதது, தேதி இருக்கிறது, மாற்றித் தருவீர்களா என்றேன். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓரத்தை அமுக்கிப் பார்த்தார், "நம்ம கடைச் சாமான் மாதிரி இல்லையே" என்றார். உங்கள் கடையில் வாங்கினது என்று நானும் சொல்லவில்லையே அண்ணாச்சி என்றேன். கடைசியில் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் கழித்துக்கொண்டு அரைக் கிலோ புளியும் மிளகாய் வற்றலும் கொடுத்தார். அந்தப் புளிதான் நீங்கள் பார்த்த மீன் குழம்பில் கரைந்தது. கமெண்ட் போட்டவர் இதையும் குறித்துக்கொள்ளட்டும். கொடுத்தவர்கள் மனசு நோகாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். டீச்சரம்மாவிடமே சொல்லிவிட்டேன். "எனக்கும் உப்புமா ஆகாது பிள்ளை" என்றார்.

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. மூட்டையைக் கொடுக்கும்போது யாரும் செல்போனைத் தூக்கவில்லை. பின்னால் பேனர் கட்டி, ஐந்து கிலோ அரிசிப் பையை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிற அம்மா மட்டும் தலையைக் குனிந்து நிற்பாரே, அந்தப் படங்களைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. வலதுகை செய்கிறது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்றால், இவர்கள் வாட்ஸப் குரூப்புக்கே அனுப்புகிறார்கள். "ஆயிரம் விதை, பத்தாயிரம் அறுவடை" என்று காணிக்கை கேட்டு டிவியில் பேசுகிறவர்களைப் பற்றி நான் ஆரம்பித்தால் வீடியோ முடியாது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் கஷ்டம் வந்தவன் எல்லாம் விதைக்காதவன் என்றுதானே ஆகிறது? என் வீட்டுக்காரர் விழுந்தது ரோட்டில் கிடந்த ஜல்லியால்.

அப்புறம், வாங்குவது அவ்வளவு கேவலம் என்றால், கோயிலில் எல்லாருக்கும் போடுகிற விருந்துச் சாப்பாடு, அந்த அசனத்துக்கு ஏன் வருகிறோம்? நம் பக்கத்துக் கோயில் பண்டிகை அசனத்தில் யார் அரிசி கொடுத்தார், யார் கிடா கொடுத்தார், யார் வெறுங்கையோடு வந்தார் என்று பந்தியில் யாராவது கேட்கிறார்களா? கார் வைத்திருக்கிறவரும் அதே சோறு, அதே கறிக்குழம்பு. தூக்குச்சட்டி கொண்டுவந்து வீட்டுக்கும் வாங்கிப் போகிறோம். என்னைக் கேள்வி கேட்கிறவர்களும் அந்த வரிசையில் நின்றவர்களாகத்தான் இருப்பார்கள். அதே சோறு வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் தலைகுனிவு எப்படி ஆகும்?

நல்ல கேள்வியும் ஒன்று வந்திருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உதவியாக வந்த பணத்தில் தசமபாகம் எடுத்தீர்களா அக்கா என்று. எடுக்கவில்லை. சம்பாத்தியத்தில்தான் நான் எடுப்பேன். இது ஏற்கெனவே காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட பணம். ஆஸ்பத்திரிக்கு என்று கொடுத்ததில் பத்தில் ஒன்றைத் திரும்பக் காணிக்கைப் பையில் போட்டால், பஸ்ஸில் வாங்காத நோட்டைக் கொடுத்த அந்த அம்மாவின் காசு மருந்துக்குப் போகாமல் வீணாகச் சுற்றிவரும். வேறு மாதிரி நினைக்கிறவர்கள் இருக்கிறீர்கள், இருங்கள், சண்டை இல்லை. அதற்குப் பதில் அம்மா வீட்டுப் பழக்கம் ஒன்றைத் திரும்ப ஆரம்பித்தேன். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. மிசோரமில் 1910-லிருந்து பெண்கள் வேளைக்கு ஒரு கைப்பிடி எடுத்து வைத்து ஊழியத்துக்கே பெரிய வருமானம் ஆக்கியிருக்கிறார்கள். வருமானமே இல்லாத மாசத்திலும் சோறு வடிக்கிறோம் இல்லையா, அப்போது கைப்பிடி அரிசி மட்டும் இல்லாமலா போகும்? பானை இதோ. கொஞ்சம் இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன்... தெரிகிறதா? பாதிக்கு மேல் ஆகிவிட்டது. வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன், வண்டுக்கு.

பச்சைக் கவரில் மீதி 2,310 ரூபாய் இருக்கிறது. பில் எல்லாம் கிளிப் போட்டு நோட்டோடு டீச்சரம்மாவிடம் கொண்டுபோனேன். நோட்டை வாங்கினார், திறக்கவே இல்லை, கரண்ட் போயிருந்ததால் அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். மீதியையும் வாங்க மாட்டேன் என்கிறார், "அவன் முதல்ல நல்லா நடக்கட்டும்" என்கிறார். வீட்டுக்காரர் இப்போது ஒற்றை ஊன்றுகோலோடு நடக்கிறார், திங்கட்கிழமை முதல் கடையில் உட்கார்ந்து செய்கிற ரிப்பேர் வேலை மட்டும் பார்க்கப் போகிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மீதியை எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். அடுத்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கு. ஐயரம்மா என்றால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்.

அடுத்த வாரம் கவர் வீடியோ உண்டு. மீதி இரண்டு பாக்கெட் ரவைக்கு உப்புமா இல்லாத யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள், கேசரி என்று மட்டும் எழுதாதீர்கள். பிசியோ தம்பி வருகிற நேரம், வைக்கிறேன்.