கிறிஸ்துமஸ் பரிசும் ஜனவரி பில்லும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை, நாசரேத், நாகர்கோவில் பக்கமெல்லாம் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். ராத்திரியில் கேரல் ரவுண்டு வரும். அடுப்படியில் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுபடும். கூடவே, டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலும் வளரும். யாருக்கு என்ன எடுக்க வேண்டும் என்கிற பட்டியல். வங்கியில் கடன் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பட்டியல் ஜனவரியில் என்ன ஆகிறது என்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பண்டிகைச் செலவில் சிக்கிக்கொண்டு வருகிறவர்களை ஊதாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் மற்ற பதினொரு மாதமும் பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறவர்கள். டிசம்பரில் மட்டும் கை நீண்டுவிடுகிறது. காரணம் ஆசை இல்லை, கூச்சம். போன வருஷம் மதினி நல்ல சேலை எடுத்துக் கொடுத்தாள், இந்த வருஷம் நாம் அதற்குக் குறைவாக எடுத்தால் என்ன நினைப்பாள்? அங்கே மதினியும் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பாள். இரண்டு வீட்டுக்கும் இஷ்டமில்லாத போட்டி, வருஷத்துக்கு வருஷம் விலை ஏறிக்கொண்டே போகும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால், நியூயார்க்கில் பெரிய கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு இதே தொல்லை இருந்தது. சம்பளமோ சொற்பம். கிறிஸ்துமஸ் வந்தால் மேற்பார்வையாளருக்கும் முதலாளிக்கும் பரிசு வாங்க ஆளாளுக்குப் பணம் போட வேண்டும். போடாதவளின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த காசையும் இதற்காக எடுக்க வேண்டி வந்தது. 1912-இல் இவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம் என்றே பெயர்! தொடங்கியவர்களில் ஒருவர் ஆன் மார்கன். அமெரிக்காவின் மாபெரும் வங்கி முதலாளி ஜே. பி. மார்கனின் மகள். இன்னொருவர் எலினார் ராப்சன் பெல்மான்ட், முன்னாள் நாடக நடிகை. அதிபராக இருந்து ஓய்வுபெற்ற தியோடர் ரூஸ்வெல்ட்கூட இதில் உறுப்பினராகச் சேர்ந்தார்.

அந்தப் பெண்கள் செய்ததில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்று. தனியாக ஒருத்தி ‘நான் கொடுக்க மாட்டேன்’ என்றால் கஞ்சப் பட்டம் கிடைக்கும், வேலைக்கும் ஆபத்து. எல்லாரும் சேர்ந்து முன்கூட்டியே சொன்னால் அது பொதுவான ஏற்பாடு ஆகிவிடுகிறது. பரிசுச் செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான வழி இதுதான்: கொடுக்கப் போகிறவரோடும் வாங்கப் போகிறவரோடும், கடைக்குப் போவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து பேசிவிடுவது.

நம் ஊர் ஹாஸ்டல்களிலும் ஆபீஸ்களிலும் இது ஏற்கெனவே நடக்கிறதே! கிறிஸ்மா, கிறிஸ் சைல்டு விளையாடாதவர்கள் குறைவு. எல்லார் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். உங்கள் கைக்கு வரும் பெயருக்கு மட்டும் நீங்கள் பரிசு வாங்கினால் போதும். இருபது பேர் இருக்கும் ஆபீசில் பத்தொன்பது பரிசு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு முடிந்துவிடுகிறது. விலைக்கும் ஒரு வரம்பு சொல்லிவிடுவார்கள், இருநூறு ரூபாய்க்கு மேல் கூடாது என்று.

ஆனால் எந்த ஆபீசிலும் ஒருவர் இருப்பார். வரம்பு இருநூறு என்று சொல்லியிருக்கும்போதே தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஸ்டீல் ஃபிளாஸ்க் வாங்கி, மினுமினுக்கும் தாளில் சுற்றிக்கொண்டு வருவார். அந்தத் தாளைப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். நூற்றைம்பது ரூபாய்க் காப்பி மக்கைக் கையில் வைத்திருக்கும் பையன் மெதுவாக அதைப் பின்னால் நகர்த்துவான். அடுத்த வருஷம் வரம்பு தானாகவே ஐந்நூறு ஆகிவிடும். தாராள மனசு என்று நாம் பாராட்டுகிற இந்தக் காரியம், என்னைக் கேட்டால், கொஞ்சம் முரட்டுத்தனம்.

இதையே குடும்பத்துக்குள் கொண்டுவருவதில் தயங்க ஒன்றுமில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருக்கும் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ‘இந்த வருஷம் பெரியவர்களுக்குத் துணி வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் எடுப்போம், ஆளுக்கு இவ்வளவு’ என்று ஒருவர் எழுதினால் போதும். வயதில் மூத்தவர் எழுதினால் இன்னும் நல்லது. சின்னவர்கள் எழுதினால் வசதியில்லை போலிருக்கிறது என்று பேச்சு வரும். மூத்தவர் எழுதினாலோ மற்றவர்கள் நிம்மதியாகக் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

கடினமான இடம் தலைக் கிறிஸ்துமஸ். புது மாப்பிள்ளைக்கு மோதிரம், பெண்ணுக்குப் பட்டு, சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் துணி, தட்டுத் தட்டாகப் பலகாரம். கல்யாணக் கடனே அடைந்திருக்காது. பவுன் விற்கிற விலையில் அரைப் பவுன் மோதிரம் என்றாலே அப்பாக்கள் வங்கி வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். இங்கே பெண் வீட்டார் வாயைத் திறக்க முடியாது. பேச வேண்டியவர் மாப்பிள்ளைதான். ‘மாமா, மோதிரம் எல்லாம் வேண்டாம், நாங்கள் வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறோம்’ என்று நவம்பரிலேயே ஒரு போன். அதைச் செய்யும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செய்யாதவர்களுக்காகத்தான் இதை வானொலியில் சொல்கிறேன்.

இவ்வளவு செலவழித்து வாங்கும் பொருள் கொடுத்தவர் நினைத்த அளவுக்கு உபயோகப்படுகிறதா? ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார். கல்லூரி மாணவர்களிடம், ‘உனக்கு வந்த பரிசுக்கு நீயாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பாய்?’ என்று கேட்டார். கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணக்கு வந்தது. நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் இழப்பு குறைவு. தள்ளி இருக்கும் உறவினர்கள் கொடுத்ததில் அதிகம். பாசத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, அதனால் அதை முழுசாக ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் பீரோவில் பிரிக்காமல் கிடக்கும் சட்டைத் துணிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் கிரெடிட் கார்டு. நம் நாட்டில் பல கார்டுகளுக்கு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம் அளவில் இருக்கிறது. 20,000 ரூபாய்க்குப் பரிசு வாங்கிவிட்டு அந்தப் பாக்கியை அப்படியே விட்டால், ஒரு மாத வட்டி 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 126 ரூபாய். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் அபராதம்தான் இருக்காது. வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ‘நோ காஸ்ட்’ தவணை என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. பரிசீலனைக் கட்டணம் இருக்கலாம், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி உண்டு, மொத்தமாகப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் சில சமயம் கிடைக்காது.

சரி, முன்கூட்டியே சேர்க்கலாம் என்று பண்டிகைச் சீட்டில் சேருகிறவர்கள் உண்டு. மாதாமாதம் கட்டினால் டிசம்பரில் துணி, பாத்திரம், தங்கக் காசு என்று நோட்டீஸ் வரும். இங்கே எச்சரிக்கை வேண்டும். பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற நிறுவனம் இப்படித்தான் ஏழை எளியவர்களிடம் வருஷம் முழுவதும் கிறிஸ்துமஸுக்காகப் பணம் வாங்கிச் சேர்த்தது. 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டே மாதம் இருக்கும்போது, திவாலானது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேர் ஏமாந்தார்கள். நம் பக்கத்திலும் தீபாவளிச் சீட்டு, பொங்கல் சீட்டு என்று கட்டிவிட்டுக் காவல் நிலையத்தில் நின்றவர்கள் நிறையப் பேர்.

அதைவிட வங்கியில் ஒரு ஆர்.டி. போடுங்கள். ஜனவரியில் ஆரம்பித்து மாதம் 500 ரூபாய் கட்டினால், பதினொரு மாதத்தில் 5,500 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் டிசம்பர் முதலில் கைக்கு வரும். வங்கிக்கே ஏதாவது ஆனாலும் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. முதிர்வுத் தேதி டிசம்பரின் முதல் வாரத்தில் விழும்படி பார்த்து வையுங்கள்; இருபதாம் தேதிக்கு மேல் விழுந்தால் தையல்காரர் துணி வாங்க மாட்டார்.