முதற்குரல் பயிரிடுபவருக்கே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "மலையகத்தின் காணி, நீர், மின்சாரம் பற்றிய கொள்கையில் முதற்குரல் யாருக்கு: பயிரிடுவோருக்கா, நிபுணர்களுக்கா?" என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. பயிரிடுவோருக்கே என்று சொல்ல எழுந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் ஒரு குற்றப்பத்திரிகையே வாசித்துவிட்டுப் போனார். நுவரெலியாச் சரிவுகளை உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் கொத்திக் கொத்தி மண்ணை ஆற்றில் விட்டவர்கள் விவசாயிகள்தானாம்; அவர்களிடம் போய்க் கொள்கையைக் கேட்பதா என்றார். கைதட்டலும் வாங்கினார். மண் போவதை நான் மறுக்கவில்லை. கந்தப்பளைப் பக்கம் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் ஓடையைப் பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் ஓடும். அந்த மண் ஏன் போகிறது என்பதை மட்டும் அண்ணன் கேட்க மறந்துவிட்டார்.

சரிவில் மண்ணை நிறுத்தக் கல்லணை வேண்டும். கல் பொறுக்க வேண்டும், அடிக்கல்லை ஆழப் புதைக்க வேண்டும், சரிவுக்குக் குறுக்கே வடிகான் வெட்டி, வருகிற மண் தங்கிப் போக இடையிடையே தடுப்பும் குழியும் விட வேண்டும். ஒரு போகத்தில் பலன் தருகிற வேலையா இது? கையில் இருப்பதோ ஒரு போகக் குத்தகைக் காணி. அடுத்த போகம் அது வேறு யாருக்கோ போகலாம். கல்லணை கட்டிக் காணியைச் செம்மைப்படுத்தினால் சொந்தக்காரர் குத்தகையைக் கூட்டவும் செய்வார்! அதனால் நம் ஆள் பாத்தியை மேலிருந்து கீழே நேராக இழுத்துவிடுகிறார். தண்ணீர் தேங்காமல் இறங்கும், கிழங்கு அழுகாது. மண்ணும் கூடவே இறங்கும். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டே வந்துவிட்டது. அதை எழுதியவர்கள் சரிவின் கோணத்தைப் பார்த்தார்கள்; குத்தகைச் சீட்டில் இருக்கும் காலத்தைப் பயிரிடுபவரிடம் கேட்டிருக்கலாம்.

குத்தகை என்றதும் இன்னொன்று. தேயிலைத் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகை. தலைமுறை தலைமுறையாக அதே மலையில் கொழுந்து பறித்த குடும்பத்துக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் (ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ்), பிறகு பெரிய மனது வைத்து 10. அதற்கும் காணி உறுதிப் பத்திரம் கைக்கு வராதவர்கள் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கோவா நடுகிறவரை விவசாயி என்று எந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள்?

சரி, நிபுணர்களுக்கு வருவோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. "அது அரசியல்வாதியின் முடிவு, நிபுணர்கள் எதிர்த்தார்களே" என்று எதிரணியில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஒப்புக்கொள்கிறேன், எதிர்த்தார்கள். அறிக்கை விட்டார்கள், கடிதம் எழுதினார்கள், தடை நகரவில்லை. பசளை இல்லாமல் விவசாயிகள் தெருவுக்கு வந்த பிறகுதான் நகர்ந்தது. முதலிலேயே அவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு போகம் மிஞ்சியிருக்கும்.

மின்சாரத்துக்கும் மண்வெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எதிரணித் தங்கை கேட்டார். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி ஆற்றை மறித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும் பங்கை வண்டல் விழுங்கிவிட்டது. எங்கிருந்து வந்த வண்டல்? மேலே உள்ள சரிவுகளிலிருந்துதான், தங்கையே! அங்கே கல்லணை நின்றால் இங்கே நீர்த்தேக்கத்தில் தண்ணீருக்கு இடம் நிற்கும். தலவாக்கலையில் 150 மெகாவாட் தரும் 'மேல் கொத்மலை' மின்நிலையம், லக்ஷபான, காசல்ரீ, மவுசாகலை என்று நாட்டுக்கு மின்சாரம் தருகிற மலை இது. அந்த வருமானத்தில் ஒரு பங்கை மேலே மண்ணைக் காக்கிறவருக்குக் கூலியாகக் கொடுங்கள் என்பது எங்கள் அணியின் கோரிக்கை. சேற்றை வாரும் செலவைவிட அது நல்ல செலவு என்பது என் எண்ணம்.

நிபுணர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 5,000 அடிக்கு மேல் காட்டை வெட்டாதே என்று 1873இல் எழுந்த யோசனை ஒரு தாவரவியல் அறிஞருடையது. இன்றைக்கும் அதற்குக் கும்பிடு போடலாம். எங்கள் வழக்கு வரிசையைப் பற்றியது. முதலில் பயிரிடுவோர் கூடித் தங்கள் நிலைப்பாட்டை எழுதட்டும். பிறகு நிபுணர் அதில் கணக்குப் பார்க்கட்டும். இப்போது நடப்பது தலைகீழ்: வரைபடம் கொழும்பில் முடிந்த பிறகு நமக்குக் கூட்டம் வைத்து விளக்குகிறார்கள், தேநீரும் பிஸ்கட்டும் உண்டு.

உமாஓயாவைப் பாருங்கள். 120 மெகாவாட் நீர்மின் திட்டம், 2024 ஏப்ரலில் திறந்தார்கள். அதற்கு மலையைக் குடைந்தபோது சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குடைவதற்கு முன்னால், எந்த மாதத்தில் எந்தக் கிணறு எவ்வளவு இறங்கும் என்று அந்த ஊர் மரக்கறித் தோட்டக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய ஒரு தாளைக் காட்டுங்கள். காட்டினால் நடுவர் உங்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லட்டும்.