17ஆவது இடமும் ஒரு கப்பும்: என்ட டொட்டன்ஹம் கணக்கு

வணக்கம் மக்காள். எல்லாரும் எப்புடி இரிக்கிறீங்க? சத்தம் கேக்குதா? இது கல்லடிக் கடற்கரை. கச்சான் காத்து நல்லா அடிக்கிது, மைக்குக்கு மேல துணி ஒண்டு சுத்தித்தான் வச்சிரிக்கன். கொஞ்சம் இரைஞ்சாலும் பொறுத்துக்கொள்ளுங்க. வீட்ட இரிந்து இதை எடுக்கேலாது, வீட்ட எல்லாரும் லிவர்பூல்.

இண்டைக்கு இங்கிலாந்துக் கால்பந்து, லண்டன் கிளப் டொட்டன்ஹம்ட கதை. ஓம், 2024-25 சீசன் முடிஞ்சு கனநாள் போயிட்டு, தெரியும். எங்கட கெப்டன், கொரியாக்காரன் சன் நிப்பாரா போவாரா எண்டு தெரியாமக் கதைச்சா அது அரைக்கதைதானே, அதான் பொறுத்திருந்தன். 2025 ஆகஸ்ட்ல போயிட்டார். லொஸ் ஏஞ்சலஸ் டீமுக்கு. சரி, இனிக் கதைக்கலாம்.

கணக்கைச் சொல்லிட்டு வாறன். பிரிமியர் லீக்ல 38 மெட்ச், அதில 22 தோல்வி. 38 புள்ளி. 17ஆவது இடம். கடைசி மூண்டு டீமும் கீழ் லீக்குக்கு இறங்கோணும். எங்களுக்குக் கீழ ஆரு? லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தம்டன். அவனுகள் மூண்டு பேரும் அவ்வளவு கேவலமா விளையாடினதால நாங்க தப்பினம், அவ்வளவுதான். 1992ல பிரிமியர் லீக் துவங்கினதில இரிந்து இவ்வளவு கீழ நாங்க போனதே இல்ல. அதே டீம், அதே பொடியன்மார், 2025 மே 21ஆந் திகதி பில்பாவோவில மென்செஸ்டர் யுனைடட்டை 1-0க்கு அடிச்சு யூரோப்பா லீக் கப்பைத் தூக்கினாங்க. 2008க்குப் பிறகு முதல் கப். ஐரோப்பியக் கப் எண்டு பார்த்தா 1984க்குப் பிறகு.

கப் எடுத்தாச்சு, இனி என்னடா குறை எண்டு கேக்கிறாங்க கூட்டாளிமார். எனக்கு அந்தக் கப்பைப் பார்த்தாத்தான் கோவம் கூட வருது. பைத்தியம் எண்டு நினைக்காதீங்க, சொல்றன்.

எங்கட கோச் ஆஞ்ச் போஸ்டகொக்லு. அவுஸ்திரேலியாக்காரன். 2023 ஜூன்ல வந்தவர். இவர்ட விளையாட்டு என்னண்டா, முன்னுக்குப் போறதுதான், பின்னுக்கு வாற கதையே இல்ல. டிபென்ஸ் ரெண்டு பேரும் மைதானத்துக்கு நடுக்கோட்டில நிப்பாங்க. பக்கத்து டிபென்ஸ்காரனுகள் ஓடி உள்ளுக்கு வந்து மிட்பீல்டுக்குள்ள நிப்பாங்க. பந்து பறிபோனா பின்னுக்குப் பெரிய வெளி கிடக்கும். அந்த வெளியை ஒரு மனிசன்ட காலை நம்பித்தான் விட்டு வச்சிரிந்தார்: நடு டிபென்ஸ்காரன் மிக்கி வான் டி வென். அவன் ஓடினா மோட்டார்சைக்கிள்தான். ஆனா கிழமைக்கு ரெண்டு மெட்ச், ஒவ்வொண்டிலயும் முழு வேகத்தில 40 மீட்டர், 50 மீட்டர் பின்னுக்கு ஓடு எண்டா தொடை நரம்பு என்னத்துக்கு ஆகும்? இழுத்திட்டுத்தான். ஒருக்கா இல்ல.

இதில அநியாயம் என்னண்டா, அந்த விளையாட்டு சரிவந்த நாளில அதைவிட வடிவா உலகத்தில ஒண்டும் இல்ல. 2024 நவம்பர் 23, மென்செஸ்டர் சிட்டிட கிறவுண்ட்ல 4-0. சிட்டி அங்க 52 மெட்ச் தோக்காம இரிந்தவங்க. மேடிசனுக்கு அண்டைக்குப் பிறந்தநாள், ரெண்டு கோல் போட்டான். கோல் கீப்பர் விக்காரியோ கணுக்கால் முறிஞ்ச காலோட மெட்ச் முடியுமட்டும் நிண்டவன், பிறகுதான் தெரியும் முறிஞ்சது. அண்டைக்கு ராத்திரி நான் நித்திரையே கொள்ளல்ல. இதே ஆக்கள் அதுக்கு முந்தின லீக் மெட்ச்ல, எங்கட சொந்தக் கிறவுண்ட்ல, இப்ஸ்விச்சிட்ட 2-1க்குத் தோத்தவங்க. இப்ஸ்விச்சுக்கு அந்த சீசன்ல அதுதான் முதல் வெற்றி! விளங்குதா? அதுவரைக்கும் ஒருத்தரிட்டயும் வெல்லாதவன் எங்களிட்ட வந்து வெண்டிட்டுப் போறான்.

மறுகா டிசம்பர் 8, செல்சி மெட்ச். அதைக் கட்டாயம் சொல்லோணும். செல்சிட டிபென்ஸ்காரன் குக்குரெல்லா ரெண்டு தரம் வழுக்கி விழுந்தான், 11 நிமிசத்துக்குள்ள நாங்க 2-0. பிறகு அவன் அந்தச் சப்பாத்தைக் குப்பை வாளிக்குள்ள போட்டுப் படமும் எடுத்துப் போட்டவன். கடைசியில என்ன? 4-3, செல்சி வெண்டிட்டு. அதைவிடப் பெரிய அடி வேற. எங்கட நடு டிபென்ஸ் ரெண்டு பேரும், ரொமேரோவும் வான் டி வென்னும், காயத்தில இரிந்து திரும்பி வந்த மெட்ச் அது. ரெண்டு பேரையும் ஒண்டா இறக்கினார். ரொமேரோ 15ஆவது நிமிசத்தில வெளிய. வான் டி வென் 79ஆவது நிமிசத்தில வெளிய. ரெண்டு பேரும் மறுகா காயம்.

அதுக்குப் பிறகு ஆரை வச்சு விளையாடினது? ஆர்ச்சி கிரே. லீட்ஸ்ல இரிந்து வாங்கின 18 வயசுப் பொடியன், மிட்பீல்ட் ஆள். அவனைக் கொண்டுபோய் நடு டிபென்ஸ்ல விட்டுட்டு, அவனுக்கும் அதே சட்டம்: நடுக்கோட்டில நில்லு. லிவர்பூல் வந்து எங்கட கிறவுண்ட்லயே 6 கோல் போட்டுட்டுப் போனாங்க, 6-3. பொடியனைக் குத்தம் சொல்லமாட்டன். அந்த மாசங்களில தலையைக் கீழ போடாம விளையாடினவன் அவன் ஒருத்தன்தான். எனக்கு அந்த சீசன்ல ஆகப் பிடிச்ச ஆள் ஆரெண்டா கிரேதான், எழுதி வச்சுக்கொள்ளுங்க. லூகாஸ் பெர்க்வாலும் நல்ல பொடியன், லீக் கப் அரையிறுதியில லிவர்பூலுக்கு எதிரா அவன்தான் கோல் போட்டு 1-0 எடுத்துத் தந்தவன். ரெண்டாவது மெட்ச்ல 4-0 எண்டு வாங்கிக் கட்டினது வேற கதை, அதை விடுவம்.

முன்னுக்கு நிண்டு கோலடிக்கிற சோலாங்கே பத்தி ஒரு வரி. காசு கூட. ஆனா ஓடுறான், அடிபடுறான், ஒளிச்சு நிக்கல்ல. போதும்.

ஆக, ஆறேழு மாசம் பத்திரிகைக்காரர் கேட்டுக்கொண்டே இரிந்தாங்க, கொஞ்சம் பின்னுக்கு நிண்டு விளையாடினா என்ன எண்டு. அந்தாள் அசையல்ல. செப்டம்பர்ல சொன்னதையே சொன்னார், நான் எப்பயும் ரெண்டாவது வருசத்தில கப் எடுக்கிறவன் எண்டு. ஊர் முழுக்கச் சிரிச்சுது. நானும்தான்.

இப்ப யூரோப்பாவுக்கு வாங்க. ஒவ்வொரு டீமோடயும் ரெண்டு மெட்ச். நெதர்லாந்து டீம் அல்க்மாரிட்ட முதல் மெட்ச் 1-0 தோத்து, எங்கட கிறவுண்ட்ல 3-1 எண்டு தப்பினம். மறுகா பிராங்க்பேர்ட். லண்டன்ல 1-1. ஜேர்மனிக்குப் போனாங்க, அங்கதான் நான் கண்ணைக் கசக்கிப் பார்த்தன். டிபென்ஸ் கீழ நிக்கிது! பந்தை அவங்களிட்டக் குடுத்திட்டு இடத்தை அடைச்சு நிக்கிறாங்க. சோலாங்கேட பெனால்டி, 1-0, முடிஞ்சுது. பிறகு நோர்வேயில போடோ, ஆர்க்டிக் வட்டத்துக்கு அங்கால இரிக்கிற ஊர், பிளாஸ்டிக் புல்லு. பெரிய பெரிய டீமெல்லாம் அங்க வழுக்கினது. இவங்க போய் அலுப்பில்லாம 2-0 வெண்டு வந்தாங்க. ஒரு பதட்டம் இல்ல.

பைனல் எங்களுக்கு 22ஆந் திகதி விடியப்புறம் 12:30. போனைத் தலாணியில சாத்தி வச்சு, சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பார்த்தன். மேடிசன் இல்ல, குலுசெவ்ஸ்கி இல்ல, பெர்க்வால் இல்ல. மூண்டு பேரும் காயம். பந்தைப் பிடிச்சு ஆட ஆளே இல்ல, அதனால பிடிக்கவும் இல்ல. முழு மெட்ச்லயும் நாங்க கோலுக்கு அடிச்சது 3 தரம்தான். அதில ஒண்டு உள்ளுக்குப் போச்சுது. 42ஆவது நிமிசம், சார் இடப்பக்கத்தால பந்தைப் போட்டான், ஜோன்சன் காலை நீட்டினான், பந்து லூக் ஷோட உடம்பில பட்டு, திருப்பி ஜோன்சன் தொட்டானா தொடல்லையா எண்டு தெரியாத மாதிரி உருண்டு போச்சுது. வடிவில்லாத கோல். அவன்ட பேரிலதான் எழுதினாங்க.

அதுக்குப் பிறகு 68ஆவது நிமிசம். இதை எத்தினை தரம் போட்டுப் பார்த்தாலும் எனக்கு வயித்தைக் கலக்கும். பிரீ கிக் பந்து மேல வருது. விக்காரியோ கோலை விட்டு வெளிய வந்து பாய்ஞ்சு பிடிக்கப் போறான், கை வழுக்கிட்டு. ஹொய்லுண்ட் தலையால தூக்கிப் போடுறான். கோல் வெறும் கோல். பந்து மெல்ல வளைஞ்சு கோட்டுக்குக் கிட்டப் போகுது. அப்பதான் வான் டி வென் பின்னுக்குப் பாய்ஞ்சு, ரெண்டு காலும் அந்தரத்தில, காலை வளைச்சுப் பந்தை வெளிய கொழுவி இழுத்தெடுத்தான். காயம் காயம் எண்டு பாதி சீசன் வெளிய இரிந்த அதே ஆள். வீட்ட லிவர்பூல்காரர் ஒராள் எழும்பி வந்து, "என்ன கத்துறாய்?" எண்டு கேட்டார்.

பத்து நிமிசம் கழிச்சு ஆஞ்ச் என்ன செஞ்சார் தெரியுமா? கோல் போட்ட ஜோன்சனை வெளிய எடுத்திட்டு, டான்சோவை உள்ளுக்கு விட்டார். இன்னொரு டிபென்ஸ் ஆள்! எங்கட வெபர் மைதானத்தில ஊர்ச் சுற்றுப்போட்டி நடக்கும்போது ஒரு கோல் முன்னுக்கு நிக்கிற டீம் பந்தை மதிலுக்கு வெளிய உதைச்சு உதைச்சு நேரம் போக்குமே, அப்புடி நிண்டாங்க எங்கட ஆக்கள், ஐரோப்பியக் கப் பைனல்ல. ரெண்டு வருசமா மாட்டன் மாட்டன் எண்டு நிண்ட மனிசன்.

இப்ப விளங்குதா என்ட கோவம்? அந்தாளுக்குத் தெரியாம இல்ல. கீழ நிண்டு விளையாடவும் தெரியும், அதை அந்தப் பொடியன்மாருக்குச் சொல்லிக்குடுக்கவும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் டிசம்பர்ல 18 வயசுப் பிள்ளையை நடுக்கோட்டில நிப்பாட்டினார். அந்தக் கப்தான் அந்தாளுக்கு எதிரான சாட்சி. கொள்கை எண்டு சொல்றாங்க. எனக்கு அது வீம்பு.

நியாயமாவும் கதைக்கோணும். கடைசி ரெண்டு மாசம் லீக்கைக் கைவிட்டுட்டார், யூரோப்பாவுக்காக நல்ல ஆக்களை ஒதுக்கி வச்சுத்தான் விளையாடினவர். அதனால 22 தோல்வியில சிலது வேணுமெண்டே விட்டது மாதிரித்தான். சரி, அதைக் கழிச்சிடுங்க. கழிச்சாலும் ஜனவரி முடிய முந்தியே நாங்க கிடந்த இடம் பத்துக்குக் கீழ. அதுக்கு யூரோப்பாவைச் சாட்டேலாது.

2025 ஜூன் 6ஆந் திகதி ஆளை அனுப்பிட்டாங்க. கப் எடுத்து 16 நாள். வந்து சரியா ரெண்டு வருசம். நன்றிகெட்ட வேலை எண்டு கனபேர் சொன்னாங்க. நான் சொல்றன், அனுப்பினது சரி. 2021ல அப்ப கோச்சா இரிந்த மொரினோவை லீக் கப் பைனலுக்கு ஒரு கிழமைகூட இல்லாத நேரம் அனுப்பின கிளப் இது. அதோட பார்த்தா இவருக்குக் கப்பைத் தூக்கவாவது விட்டாங்க.

மெடல் கதை தெரியுமா? மேடையில மெடல் முடிஞ்சிட்டு! காயப்பட்ட ஆக்களும் சேர்ந்து மேடை ஏறினதால எண்ணிக்கை பத்தல்ல எண்டு போட்டியை நடத்துற ஐரோப்பியச் சங்கம் யூஈஎப்ஏ சொன்னது. கெப்டன் சன்னுக்கும் ரொமேரோவுக்கும் அந்த நேரம் கழுத்தில மெடல் இல்ல. ரொமேரோதான் அந்த யூரோப்பா சீசன்ட சிறந்த ஆட்டக்காரன்! காயப்பட்டவன்ட லிஸ்ட் மெடலைவிட நீளம். எங்கட சீசனை ஆரும் கேட்டா நான் இந்த ஒண்டைத்தான் சொல்றது.

சரி, சன். நான் ஏன் இந்தக் கிளப் எண்டு கனபேர் கேக்கிறீங்க, மட்டக்களப்பில ஆரடா டொட்டன்ஹம் பார்க்கிற எண்டு. 2019. ஏப்ரல் 21 சியோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அதுக்குப் பிறகு ஊரே முடங்கிக் கிடந்தது. பொழுது பட்டா றோட்டில ஆளில்ல, பள்ளிக்கூடம் இல்ல, வீட்ட ஒருத்தரும் ஒருத்தரோட கதைக்கிறதும் இல்ல. மே 9 விடியப்புறம், நித்திரை வராம ரீவியைப் போட்டா சம்பியன்ஸ் லீக் அரையிறுதி, டொட்டன்ஹமும் நெதர்லாந்து டீம் அயக்ஸும். பாதி நேரத்தில மொத்தக் கணக்கு 3-0, டொட்டன்ஹம் செத்திட்டு. லூகாஸ் மோரா ரெண்டாம் பாதியில 3 கோல், கடைசிக் கோல் 96ஆவது நிமிசம். நான் அதுக்கு முந்தி அந்த டீமைப் பார்த்ததே இல்ல. அந்தக் கிழமைகள்ல சந்தோசத்தில சத்தம் போட்டது அண்டைக்கு மட்டும்தான். பைனல்ல லிவர்பூலிட்டத் தோத்தாங்க, மைதானத்தில சன் அழுதான். அதுக்குப் பிறகு எனக்கு வேற கிளப் இல்ல.

பத்து வருசம், 454 மெட்ச், 173 கோல். 2021-22ல லீக்ல 23 கோல், ஆகக் கூடக் கோல் போட்டவனுக்குக் குடுக்கிற தங்கச் சப்பாத்து, லிவர்பூல் சாலாவோட சேர்ந்து, அதில ஒண்டுகூடப் பெனால்டி இல்ல. கேன் போனவர், பேல் போனவர், எல்லாரும் கப் தேடிப் போனாங்க. இவர் நிண்டார். 2024-25 சீசன்ல வேகம் குறைஞ்சதுதான், லீக்ல 7 கோல்தான், பைனல்லயும் ஆஞ்ச் வாங்கிலதான் இருத்தினவர், 67ஆவது நிமிசம்தான் இறக்கினவர். அது சரியான முடிவு. சன்னுக்காகச் சன்னை இறக்கக்கூடாது. ஆனா கடைசி விசில் ஊதினதும் அந்த மனிசன் விழுந்து அழுததை நான் பார்க்கேலாமப் போனைக் கவுத்து வச்சிட்டன்.

2025 ஆகஸ்ட்ல பயர்ன் மியூனிக்கோட சும்மா ஒரு மெட்ச், 4-0 வாங்கினம். கேன் எங்களுக்கே கோல் போட்டான், சனியன். அதுக்கு முந்தி தென்கொரியாவில, சோலில நியூகாசலோட விளையாடி மேடிசன்ட முழங்கால் போயிட்டு, கனகாலத்துக்கு வெளிய. ஆஞ்சுக்குப் பிறகு 2025 ஜூன்ல வந்தவர் தோமஸ் பிராங்க், பிரென்ட்போர்ட்ல இரிந்தவர். ஆளுக்கு ஆள் மாத்தி விளையாடத் தெரிஞ்ச கோச், தேவைப்பட்டாப் பின்னுக்கு நிப்பார், வெக்கப்படமாட்டார். அண்டைக்கு எனக்கு அது காணும் எண்டு இரிந்தது.

 கல்லடிப் பக்கம், ஆரையம்பதிப் பக்கம் ஆரும் டொட்டன்ஹம் மெட்ச் முழிச்சிரிந்து பார்க்கிறதா இரிந்தா எனக்குச் சொல்லுங்க, ஒரு இடத்தில கூடிப் பார்ப்பம். லிவர்பூல்காரர் வரவேணாம். சரி மக்காள், காத்து கூடுது, நான் வாறன்.