சென்னை ஓபன் ஏன் வருது, ஏன் போகுது? விஜய் அமிர்தராஜ் வழியா ஒரு விளக்கம்

[திரையில்: விம்பிள்டன் 1981, காலிறுதி]

முதல் ரெண்டு செட் நம்ம சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் கையில. எதிர்ல ஜிம்மி கானர்ஸ். அடுத்த மூணு செட்டும் போச்சு. 1973லயும் இதே விம்பிள்டன் காலிறுதியில யான் கோடெஷ்கிட்ட அஞ்சாவது செட்ல 7-5னு தோத்திருந்தாரு. அந்த வருஷம் அமெரிக்க ஓபன்ல ராட் லேவரை, அடுத்த வருஷம் பியோர்ன் போர்க்கை வீழ்த்தினாரு. ரெண்டு தடவையும் காலிறுதியில கென் ரோஸ்வால் நிறுத்திட்டாரு. சர்வ் போட்டு வலைக்கு ஏறுற ஆட்டம், அதனால புல் தரை தோதா இருந்தது. ஆனா நாடுகள் அணியா மோதுற டேவிஸ் கோப்பையோட 1987 இறுதியை ஸ்வீடன், பந்து வேகம் குறையுற களிமண் தரையில வச்சது, இந்தியா 0-5.

2024ல டென்னிஸ் சாதனையாளர்களைக் கௌரவிக்கிற சர்வதேச ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்தது வீரர் பிரிவுல இல்லை, டென்னிஸை வளர்த்தவங்களுக்கான பங்களிப்பாளர் பிரிவுல. சரியான முடிவுதான். அதே வருஷம் வீரர் பிரிவுல வந்த லியாண்டர் பயஸ், சென்னையில அமிர்தராஜ் குடும்பம் நடத்தின பிரிட்டானியா அகாடமியில வளர்ந்தவரு.

[திரையில்: நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம்]

இனி நிர்வாகம். ஒரு ஊர்ல போட்டி நடந்தா அந்த ஊருக்குக் கிடைக்கிற பெரிய லாபம் வைல்டு கார்டு. ரேங்க் பத்தாதவரையும் தகுதிச் சுற்று இல்லாம மெயின் டிராவுல, அதாவது முக்கியச் சுற்றுல, நேரா இறக்கலாம். 2009 சென்னை ஓபன்ல சோம்தேவ் தேவ்வர்மன் அப்படித்தான் நுழைஞ்சாரு. கார்லோஸ் மோயாவைத் தோற்கடிச்சு இறுதி வரைக்கும் போனாரு.

ஆண்களுக்கான அந்தப் போட்டி 1997 முதல் 2017 வரை சென்னையில நடந்தது, அப்புறம் புனேக்குப் போச்சு. காரணம், சர்வதேச அட்டவணையில போட்டிக்கு ஒதுக்கின வாரத்துக்கான உரிமம் ஊருக்குச் சொந்தமில்லை. உரிமம் வச்சிருக்கிற நிறுவனம் எங்க ஒப்பந்தம் போடுதோ, போட்டி அங்க. ஜனவரி முதல் வாரம், ஹார்டு கோர்ட், ரெண்டு வாரத்துல ஆஸ்திரேலிய ஓபன். வீரர்கள் சென்னைக்கு வந்ததே அதுக்காகத்தான். கையை விட்டுப் போனது அப்படிப்பட்ட ஒரு வாரம்.

அமிர்தராஜ் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவரா இருந்தப்போ, 2022 செப்டம்பர்ல, டபிள்யூ.டி.ஏ. 250 போட்டி வந்தது, அதாவது ஜெயிச்சா 250 ரேங்கிங் புள்ளி கிடைக்கிற பெண்கள் போட்டி. மொத்தப் பரிசு 2,51,750 டாலர், ஒற்றையர் டிராவுல 32 பேர். 17 வயசு லிண்டா ஃப்ருவிர்தோவா ஜெயிச்சாங்க. ஆனா உரிமம் ஒரு வருஷத்துக்கு மட்டும். 2023லயும் 2024லயும் போட்டி இல்லை. 2025ல திரும்ப வந்தப்போ தேதி அக்டோபர் கடைசி. வடகிழக்குப் பருவமழை நேரம்! கோர்ட்ல ஈரம் இருந்தா கால் வழுக்கும், ஒரு பந்து கூட போட முடியாது. ஒரு நாள் போனா அடுத்த நாள் ரெண்டு ரவுண்டு ஆட வேண்டி வரும்.

மாநிலச் சங்கத்தால தொடர்ந்து செய்யக்கூடியது கீழ்மட்டம்தான். உதாரணத்துக்கு, 15,000 டாலர் பரிசுள்ள எம்15ங்கிற ஆண்கள் போட்டி. முதல் சுற்றுல தோத்தா ரேங்கிங் புள்ளி பூஜ்யம். அந்தப் புள்ளிகளை வெளிநாடு போய் வாங்கினா டிக்கெட், ஹோட்டல், கோச் செலவு தனி. இங்கேயே நடத்தலாம், ஆனா ஒரே ஒரு வாரம் வச்சா வெளியூர் வீரர்கள் வர யோசிப்பாங்க. பக்கத்து ஊர்களோட பேசி ரெண்டு மூணு வாரம் அடுத்தடுத்துப் போடணும்.