மத்தியானம் தானா சரியாகுற காது மிஷின்

நீலகிரி வெலிங்டன்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அப்பா ரிட்டயர்டு ராணுவ வீரர். மிலிட்டரி ஆஸ்பத்திரியில காது மிஷின் வச்சாங்க. காலையில வாக்கிங் போயிட்டு வந்தா கேக்கலைங்கிறார், மத்தியானம் தானா சரியாயிடுது. மிஷின் ரிப்பேரா?"

தானா சரியாகுதுன்னா பெரும்பாலும் ரிப்பேர் இல்லம்மா, தண்ணி. காதுக்குள்ள காத்து சூடா, ஈரமா இருக்கும். மிஷினையும், காதுக்குள்ள வைக்குற அச்சான மோல்டையும் சேர்க்குற ட்யூப் வெளிக்குளிர்ல சில்லுனு இருக்கும். நம்ம ஊர் ஜன்னல் கண்ணாடி வேர்க்குற மாதிரி ட்யூபுக்குள்ள வேர்க்கும். கடுகளவு சொட்டு போதும், சத்தம் அடைச்சுக்கும். துப்பாக்கிச் சத்தத்துல கெட்ட காது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுன்னு கேக்குற சத்தத்துலதான் முதல்ல அடி வாங்கும். ச, ஸ எழுத்தெல்லாம் ஏற்கெனவே மங்கல். அதுல கொஞ்சம் குறைஞ்சாலும் பேச்சு புரியாது.

ட்யூபை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, சொட்டு தெரியும். மோல்டை ட்யூபோட சேர்த்து மிஷினோட கொக்கியில இருந்து கழட்டி, ரப்பர் பல்பால ஊதுங்க. வாயால ஊதாதீங்க, மூச்சுலயும் ஈரம்தான். அடுப்புப் பக்கம், ஹீட்டர் மேல வைக்கவே கூடாது. மலையில நிறைய பேர் செய்யுற தப்பு இது. ட்யூப் மஞ்சளாகி விறைச்சுப் போயிருந்தா மாத்தச் சொல்லுங்க, 3 முதல் 6 மாசம்தான் அதுக்கு ஆயுசு.

ராத்திரி பேட்டரியை எடுத்துட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தபடி, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் மணி போட்ட மூடி டப்பாவுல மிஷினை வைங்க. நீல மணி ரோஸ் கலராச்சுன்னா மாத்தணும்.

பேட்டரி விஷயமும் இருக்கு. காது மிஷின்ல போடுற ஜிங்க் ஏர் பேட்டரி காத்தை இழுத்துத்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரை உரிச்சதும் போடாம ஒரு நிமிஷமாவது வெளியில வைங்க. குளிர்ல அதோட பவர் இறங்கும், அதனால ஸ்பேர் பேட்டரி சட்டையோட உள்பாக்கெட்டுல இருக்கட்டும். மங்கி குல்லாவை மிஷின் மேல இறுக்கி இழுத்தா விசில் அடிக்கும், வேர்வையும் இறங்கும். கொஞ்சம் தளர்வா போடச் சொல்லுங்க.

ட்யூப் காஞ்சு, புது பேட்டரி போட்டும் கேக்கலைன்னா காதுல அழுக்கு அடைச்சிருக்கலாம். பட்ஸ் விடாதீங்க. பழைய ஆடியோகிராமோட (காது கேக்குற அளவைச் சோதிச்ச சீட்டு), காது சோதனை செய்யுற ஆடியாலஜி பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு காது மட்டும் திடீர்னு கேக்காம போனா, மிஷினைப் பார்த்துட்டு உக்காராதீங்க, அன்னிக்கே ஈஎன்டி டாக்டர்கிட்ட போயிடுங்க.