முறத்தில் பிரியாத கல்: துகள் விளையாட்டு பற்றி ஒரு கேள்வி

சரி, இந்த வாரக் கேள்வி. பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிற ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். துகள்களை வகைப்படுத்தக் கற்றுக்கொடுக்க வகுப்பில் ஒரு கணினி விளையாட்டு வைத்தாராம். மேலிருந்து துகள் விழும், அதைக் குவார்க், லெப்டான், ஹாட்ரான், போசான் என்று உரிய பெட்டியில் தள்ள வேண்டும். (புரோட்டான் மாதிரி குவார்க்குகள் ஒட்டிச் சேர்ந்தது ஹாட்ரான். வலுவான அணுக்கரு விசை தொடாத எலெக்ட்ரான் வகையறா லெப்டான். போசான் பெட்டியில் போவது விசையைச் சுமக்கும் துகள்கள்.) மூன்றாவது ஆட்டத்திலேயே எல்லோரும் முழு மதிப்பெண். அடுத்த வாரம் தாளில் கேட்டால் பாதிப் பேர் புரோட்டானை லெப்டான் என்கிறார்கள். "விளையாட்டு எதையாவது கற்றுக்கொடுக்கிறதா சார், இல்லை நேரம்தான் போகிறதா?" என்று கேட்கிறார்.

படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் இதே அடி எனக்கும் விழுந்திருக்கிறது. சில வருடம் முன்பு ஒரு விடுமுறை வகுப்புக்காக, பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்ச்சில் நானே இப்படி ஒன்று செய்தேன். ஒரு பெண் திரையில் வரும் பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஆடினாள், அப்போதும் ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படிம்மா என்றேன். "பச்சையெல்லாம் நடுப்பெட்டி சார்." அழகாக இருக்கட்டும் என்று லெப்டான்களுக்கெல்லாம் பச்சை அடித்தது நான்தான். பிள்ளைகள் ஜெயிக்கத் தேவையானதைக் கற்றுக்கொண்டார்கள், அது இயற்பியலாக இல்லை, அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை, எல்லாத் துகளையும் ஒரே சாம்பல் நிற வட்டமாக்குங்கள். பெயரையும் எடுத்துவிடுங்கள். பதிலாகத் துப்பு கொடுங்கள்: மின்னூட்டம் எவ்வளவு, சுழற்சி எவ்வளவு, வலுவான அணுக்கரு விசை இதைத் தொடுகிறதா. ஒவ்வொரு துப்பைத் திறக்கவும் ஒரு மதிப்பெண் போகும். அப்புறம் பாருங்கள், எந்தத் துப்பை முதலில் திறப்பது என்று சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம். இன்னொன்று, போசான் என்று பெட்டிக்குப் பெயர் வைத்தாலே வம்பு. பயானை எங்கே போடுவீர்கள்? அது குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஹாட்ரான், ஆனால் சுழற்சி முழு எண்ணாக இருப்பதெல்லாம் போசான், பயானுக்குச் சுழற்சி பூஜ்யம் என்பதால் அது போசானும்தான். விசைத்துகள் என்று எழுதிவிடுங்கள். அப்போதும் ஹிக்ஸ் போசான் உள்ளே வரலாமா என்று ஒருவன் கேட்பான், கேட்கட்டும்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எங்கே போனாலும் முறத்துக்கு வந்துவிடுவேன். இங்கேயும் அதுதான். முறத்தில் புடைத்தால் உமி பறந்துவிடும், எடை குறைவு. ஆனால் அரிசி அளவிலேயே, அரிசி நிறத்திலேயே ஒரு வெள்ளைக்கல் இருந்தால்? முறம் காட்டிக்கொடுக்காது. பல்லில் பட்டால்தான் தெரியும். எடையைப் பார்க்காதே, நடத்தையைப் பார்.

உண்மையில் அந்த ஆசிரியை என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பெரிய ஆட்களே தப்பான பெட்டியில் போட்டால் என்ன ஆகும் என்பதுதான். கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அணுக்கருவைப் பிணைத்து வைக்க எலெக்ட்ரானைப் போல 200 மடங்கு நிறையுள்ள ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1935-ல் ஜப்பானிய இயற்பியலாளர் யுகாவா கணித்தார். அடுத்த ஓரிரு வருடத்தில் ஆண்டர்சனும் நெடர்மெயரும் காஸ்மிக் கதிரில் கிட்டத்தட்ட அதே நிறையில் ஒன்றைப் பிடித்தார்கள். ஆஹா, இதுதான் அது என்று பெட்டியில் போட்டாகிவிட்டது. எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் நடுத்தர எடை என்பதால் மீசோட்ரான் என்று பெயர். அந்தப் பெயரில் 'ட்ர' எதற்கு, மீசான் போதுமே என்று 1939-ல் எழுதியவர் நம் ஹோமி பாபா. (என் வகுப்பில் அதற்கு மீசைக்காரன் என்று பெயர், அது வேறு.)

பத்து வருடம் அந்தக் கல் அரிசியோடு அரிசியாகக் கிடந்தது. பிறகு ரோமில் கான்வெர்சி, பான்சினி, பிச்சியோனி மூவரும் அதைக் கார்பனில் நிறுத்திப் பார்த்தார்கள். யுகாவாவின் துகளாக இருந்தால் எதிர்மின்னூட்டம் கொண்டவற்றை அணுக்கரு சட்டென்று விழுங்கியிருக்க வேண்டும். இது விழுங்கப்படாமல் தன் போக்கில் சிதைந்தது. வலுவான விசை இதைத் தொடவே இல்லை! 1947-ல் பிரிஸ்டலில் பவலின் குழு உண்மையான யுகாவா துகளை, அதாவது பயானைக் கண்டுபிடித்தது. பழைய ஆள் மியூவான் என்ற பெயரோடு எலெக்ட்ரான் பக்கம், லெப்டான் பெட்டிக்குப் போனது. லெப்டான் என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் மெல்லியது, சிறியது என்று பொருள், ஆனால் 1970-களில் வந்த டௌ லெப்டான் புரோட்டானைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. முறத்தை நம்பினால் இப்படித்தான். உங்கள் விளையாட்டில் மியூவானும் டௌவும் கட்டாயம் விழ வேண்டும்.

குவார்க்குகளை ஒட்டி ஹாட்ரான் செய்கிற சுற்றும் வையுங்கள், அதில்தான் அதிகம் நிற்கும். அப், டவுன், சார்ம் எல்லாம் குவார்க் வகைகள். மின்னூட்டம் அப்-க்கு +2/3, டவுன்-க்கு -1/3, கூட்டினால் முழு எண் வர வேண்டும். இரண்டு அப், ஒரு டவுன் போட்டால் 1, புரோட்டான். இரண்டு அப் மட்டும் போட்டால் 4/3, ஆட்டம் ஏற்காது. என் வகுப்பில் ஒரு பையன் இரண்டு அப், ஒரு டவுன், ஒரு சார்ம், ஒரு எதிர்ச்சார்ம் என்று ஐந்தை ஒட்டிவிட்டான். (கடைசி இரண்டின் மின்னூட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடும்.) ஆட்டம் தப்பு என்றது. "கூட்டிப் பாருங்க சார், ஒன்னுதான் வருது." மூன்று குவார்க் அல்லது ஒரு ஜோடி, வேறு கிடையாதுப்பா என்று நானும் பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: 2015-ல் செர்ன் துகள் ஆய்வகத்தில் எல்எச்சிபி என்ற ஆய்வுக் குழு அறிவித்த பென்டாகுவார்க், அதாவது ஐந்து குவார்க் கூட்டு, அச்சு அசலாக அதே ஐந்துதான். அது மட்டுமா, 1964-ல் கெல்-மன் குவார்க்கை முன்வைத்த அந்த இரண்டு பக்கக் கட்டுரையிலேயே நான்கு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேரலாம் என்று இருக்கிறது.

மறுநாள் வகுப்பில் அவனிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த ஆட்டத்தின் நிரலை இன்னும் திருத்தவில்லை, வேண்டுமென்றேதான். இன்னொருத்தர் வந்து அதே சண்டையைப் போடட்டும் என்று காத்திருக்கிறேன்.